மூன்று ஆண்டுகளாகக் குப்பை அள்ளுகிறோம், ஏரி இன்னும் பச்சையாகவே இருக்கிறது: எங்கள் அமைப்பு எதைக் கையில் எடுக்க வேண்டும்?

கேள்வி: நீர்க்கோழி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியிலுள்ள ஓர் ஏரியையும் அதில் வந்து கலக்கும் சிற்றாற்றையும் காப்பதற்காக, ஏறத்தாழ முப்பது பேர் சேர்ந்து இலாப நோக்கமில்லாத ஓர் அமைப்பை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மாதம் இருமுறை கரையில் கூடிக் குப்பை அள்ளுகிறோம். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையேற்றுகிறோம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து நீர்ப்பறவைகளைக் காட்டுகிறோம். இவற்றில் எதையும் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கரை சுத்தமாகியிருக்கிறதே தவிர, நீர் மாறவில்லை. வெயில் ஏறும் மாதங்களில் ஏரி முழுவதும் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஆகிவிடுகிறது.

சென்ற மாதம் நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஒரு நாள் முழுக்க உழைத்து இருபது மூட்டைக் குப்பை அள்ளினோம். எங்களோடு வந்திருந்த ஒரு சிறுமி நீரில் கையை விட்டு எடுத்தாள். விரல்களில் பச்சைக் கூழ் ஒட்டியிருந்தது. "இதையும் மூட்டையில் போட முடியுமா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மூட்டைகளை ஏற்றி அனுப்புவதற்காகப் போனபோது, ஆறு ஏரியில் சேரும் இடத்தில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் பல மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. வெயில் ஏறிய பிறகு மிஞ்சியவை ஒன்றுமே நடவாததுபோல் நீந்தத் தொடங்கின. யாரோ இரவில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று எங்களில் பலர் உறுதியாக நம்புகிறார்கள்; எனக்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை.

என் கேள்விகள் மூன்று. ஏரி பச்சையாவதற்கு உண்மையான காரணத்தை எங்களைப் போன்ற சிறிய குழு எப்படிக் கண்டறிவது? நாங்களே அளந்து பதிவு செய்தால் அதிகாரிகளும் அறிவியலாளர்களும் அதை ஏற்பார்களா? மூன்றாவது சற்றுச் சங்கடமானது. ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் ஒரு தொழிற்சாலை எங்கள் அமைப்புக்கு ஆண்டுதோறும் நிதி தருவதாகச் சொல்கிறது. எங்களிடம் பணம் இல்லை. வாங்கலாமா?

பதில் 1: தெளிநீர்

நீர்க்கோழி அவர்களுக்கு வணக்கம். ஏரிகளின் நீர்த்தரத்தை அளக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்திருக்கிறேன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அந்தப் பச்சைக் கூழை இனி யாரும் வெறுங்கையால் தொட வேண்டாம்; குழந்தைகளையும் நாய்களையும் அதன் அருகே விட வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசியாக இருந்தால், அதன் சில வகைகள் கல்லீரலையும் நரம்புகளையும் தாக்கும் நச்சுகளை உண்டாக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில், ஈரி ஏரியில் படர்ந்த இதே பாசியால், ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவிக்கும் நிலை வந்தது. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இப்போது மீன்களைப் பற்றி. நஞ்சு கலந்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் குறித்துவைத்த நேரம் வேறொன்றைச் சொல்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீருக்குள் ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் ஒளி இல்லாததால், தான் தந்ததையே திரும்ப எடுத்துச் சுவாசிக்கிறது. கீழே மக்கும் பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் அதே ஆக்சிஜனைத்தான் உண்கின்றன. ஆகவே பாசி மிகுந்த ஏரியில் விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. நீர் வெப்பமாக வெப்பமாக அது தாங்கும் ஆக்சிஜனும் குறையும்: பூஜ்ஜியம் பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் வரை கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். கோடையில் அந்தச் சிறிய கையிருப்பையும் பாசி இரவோடு இரவாகத் தீர்த்துவிட்டால், மீன் மேலே வந்து வாயைத் திறப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. வெயில் வந்ததும் மிஞ்சியவை தேறிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் இதில் மிகப் பெரிய தடயம். ஒருவர் கையில் ஆக்சிஜன் அளவியோடு விடியற்காலையிலும் பிற்பகலிலும் ஒரே இடத்தில் ஒரு வாரம் அளந்தால், இது மூச்சுத்திணறலா நஞ்சா என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பாசி ஏன் இவ்வளவு வளர்கிறது என்றால், பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் முதல் குற்றவாளி, தாவரங்களை வளர்க்கும் சத்தான பாஸ்பரஸ்தான். இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய சோதனை ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226 என்ற எண்ணுடைய ஏரியை, டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973இல் குறுக்கே ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாகப் பொங்கியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் ஒரே ஏரி இரண்டு நிறத்தில் கிடக்கும். நீர்நிலைகளைப் பற்றி நான் பார்த்த படங்களில் அதைவிடத் தெளிவாகப் பேசும் படம் வேறில்லை. நைட்ரஜனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, சில ஏரிகளில் இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தேடலைத் தொடங்குமிடம் பாஸ்பரஸ்.

அந்தப் பாஸ்பரஸ் கரையில் கிடக்கும் நெகிழிப் பையிலிருந்து வருவதில்லை. கழிவுநீர், வயல்களின் உரம், கால்நடைச் சாணம், மழையில் அரித்து வரும் மண் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதாவது, உங்கள் ஏரியின் தலையெழுத்து அதன் கரையில் அல்ல, அதற்கு மேலேயுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது மழைநீர் வழிந்து ஏரிக்கு வரும் நிலம், முழுவதிலும் எழுதப்படுகிறது. உங்கள் அமைப்பு தன் பார்வையைத் திருப்ப வேண்டிய திசை அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

திருப்பினால் பலன் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியைக் காட்டலாம். சுற்றியிருந்த ஊர்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரியில் விட்டுக்கொண்டிருந்தன. சுத்திகரிப்பு பாஸ்பரஸைப் பெரிதும் நீக்கவில்லை. 1955இல் நீலப்பச்சைப் பாசியின் ஓர் இனம் அங்கே தென்பட்டதும், டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்ற அறிவியலாளர் ஏரி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். கழிவுநீரை ஏரியில் விடாமல் திருப்பிவிடும் திட்டத்துக்காக 1958இல் நடந்த முதல் வாக்கெடுப்பு தோற்றது. அதே ஆண்டு இரண்டாவது வாக்கெடுப்பில் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். 1963 தொடங்கி 1968க்குள் கழிவுநீர் முழுவதும் திருப்பிவிடப்பட்டது. அறுபதுகளின் நடுவில், கோடையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூடப் பார்வை போகாத ஏரி, எழுபதுகளின் பிற்பகுதியில் பல மீட்டர் ஆழம் வரை தெளிந்து கிடந்தது.

ஆனால் எல்லா ஏரியும் இவ்வளவு விரைவாகத் தேறாது. ஆழம் குறைந்த, பல காலம் கழிவு வாங்கிய ஏரிகளில் அடிவண்டலே பாஸ்பரஸ் கிடங்காக இருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால், இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலே வரும். வரத்தை அடைத்த பிறகும் சில ஆண்டுகள், சில இடங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட, பச்சை தொடரலாம். இதை உங்கள் உறுப்பினர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு போலத் தோன்றும்.

பதில் 2: கரைவழி

நான் ஓர் ஆற்றுக் காப்பு அமைப்பில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் அளந்ததை ஏற்பார்களா என்றால், எப்படி அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் தொடங்கிய காலத்தில் ஒரு வாய்க்காலிலிருந்து நுரையோடு கருப்பு நீர் வந்துகொண்டிருந்தது. ஆர்வத்தில் கையில் கிடைத்த குளிர்பானப் போத்தல்களைக் கழுவி, நீரைப் பிடித்து, ஒரு நாள் முழுக்க வண்டியில் வைத்திருந்து, மறுநாள் ஆய்வகத்தில் கொடுத்தோம். அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் கேட்ட கேள்விகள் எளியவை: எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள்? போத்தலில் முன்பு என்ன இருந்தது? பனிக்கட்டியில் வைத்தீர்களா? இடையில் யார் யார் கையில் இருந்தது? எதற்கும் எங்களிடம் எழுத்தில் பதில் இல்லை. கருப்பு நீர் கருப்பு நீர்தான், ஆனால் எங்கள் அறிக்கை வெறும் தாளாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. வழக்குமன்றமும் அதையேதான் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு நீளக் குறிப்பேடு வைத்திருக்கிறோம். நாள், மணி, இடம், முந்தைய இரண்டு நாள் மழை, நீரின் வெப்பம், எடுத்தவர் பெயர், சாட்சி பெயர், போத்தல் எண். ஆய்வகத்தில் ஒப்படைக்கும் வரை கைமாறும் ஒவ்வொரு முறையும் இருவர் கையொப்பம். பென்சிலால்தான் எழுதுவோம், ஏனென்றால் நனைந்தால் மை பரவிவிடும். பிழையானால் அழிக்காமல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் எழுதுவோம். பத்து போத்தலுக்கு ஒரு போத்தல், ஒரே இடத்தில் இரட்டை மாதிரி எடுப்போம். இரண்டின் முடிவும் ஒத்துப்போனால்தான் மற்றவற்றை நம்புவோம். இதற்குப் பெரும் படிப்பு தேவையில்லை, சலியாத மனம் மட்டும் தேவை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1973 முதல் பொதுமக்களே தங்கள் ஏரிகளின் தெளிவை அளந்து தருகிறார்கள்; அந்த அளவுகளை அங்கே அரசும் பயன்படுத்துகிறது. ஆகவே சாமானியர் அளந்தால் மதிப்பில்லை என்பது உண்மையல்ல.

பதிவும் சட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹட்சன் ஆற்று மீனவர்கள்தான் எனக்கு எப்போதும் முன்மாதிரி. 1966இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். எல்லாருடைய கண்ணிலிருந்தும் மறைந்து கிடந்த 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்கள் கையில் கிடைத்தது. நீர்வழியில் கழிவு கொட்டுவதைத் தடை செய்ததோடு, தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பங்கும் தந்த சட்டம் அது. ஆற்றை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆதாரம் சேர்த்துக் கொடுத்தார்கள். மாசு செய்தவர்கள் தண்டம் கட்டினார்கள். 1983இல் அந்தச் சங்கம் ஆற்றுக்கென்றே முழுநேரக் காவலர் ஒருவரை அமர்த்தியது. 1999இல் அதே முறையில் இயங்கும் அமைப்புகள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. இன்று அது பல நாடுகளில் பரவியிருக்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் வேறாக இருக்கும். ஆனால் கழிவு வெளியேற்றும் அனுமதியில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பெறும் உரிமை இன்று பல நாடுகளில் குடிமக்களுக்கு உண்டு. அந்த அனுமதித் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதிய எண்ணும் நீங்கள் அளந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதிகம் பேச வேண்டியிருக்காது.

பணத்தைப் பற்றி: நான் வாங்க மாட்டேன். அந்தத் தொழிற்சாலை ஒரு தவறும் செய்யாததாகவே இருக்கட்டும். நாளை உங்கள் அளவுகள் அதன் கழிவுக் குழாயைக் காட்டினால், வாங்கிய பணத்துக்காக இத்தனை நாள் மௌனம் காத்தீர்கள் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அளவுகள் அதைக் காட்டாவிட்டால், பணத்துக்காக மறைத்தீர்கள் என்று மற்றவர் சொல்வார்கள். இரண்டு வழியிலும் கெடுவது உங்கள் குறிப்பேட்டின் நம்பகத்தன்மை. உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து அதுதான். சிறு சிறு உறுப்பினர் சந்தாக்களைக் கொண்டு நடத்துங்கள். வரவு செலவை ஆண்டுதோறும் வெளியே வையுங்கள். யாரிடம் வாங்குவோம், யாரிடம் வாங்கமாட்டோம் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே விதியாக எழுதி வையுங்கள். அந்தத் தொழிற்சாலைக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால், உங்களுக்குத் தரும் தொகையைத் தன் சுத்திகரிப்பு நிலையத்தில் செலவிடச் சொல்லுங்கள்.

பதில் 3: மணற்படுகை

மேலேயுள்ள இரண்டு பதில்களிலும் அறிவு நிறைய இருக்கிறது. ஆனால் குப்பை அள்ளுவதை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மனிதர்கள் முதலில் கையால்தான் ஒரு நீர்நிலையோடு உறவு கொள்கிறார்கள், எண்களால் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நாஷுவா ஆறு காகித ஆலைகளின் சாயத்தால் நாளுக்கொரு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மேரியன் ஸ்டாடர்ட் என்ற பெண்மணி ஆய்வகத்திலிருந்து தொடங்கவில்லை. அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார், கையொப்பம் வாங்கினார், அந்த நாறும் நீரைக் குப்பியில் அடைத்து ஆட்சியில் இருந்தவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். 1969இல் உருவான அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புக் கழகம் இன்றும் இயங்குகிறது. ஆறும் தெளிந்துவிட்டது. அந்தச் சிறுமி கேட்ட கேள்விகூட, குப்பை அள்ள வந்ததால்தானே பிறந்தது?

நீர்க்கோழி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை உங்கள் பதில்களைக் கூட்டத்தில் வாசித்தேன். நிதியை மறுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். இருவர் மட்டும் உடன்படவில்லை, அவர்களுடைய கவலையிலும் நியாயம் இருக்கிறது. குப்பை அள்ளும் நாளைத் தொடர்வோம்; அதே நாளில் நால்வர் மட்டும் அளக்கும் வேலையைப் பார்ப்பார்கள். எங்களிடம் ஒரு படகு இருக்கிறது, கருவி எதுவும் இல்லை. எதிலிருந்து, எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

தெளிநீர்:

மணற்படுகை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். அள்ளும் கைகளைக் குறைக்கச் சொல்வது என் நோக்கம் இல்லை.

முதல் கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். இருபது செண்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தட்டு. அதை நான்கு பாகமாக்கி, ஒன்றுவிட்டு ஒன்று கருப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூச வேண்டும். கீழே ஓர் எடை. நீளாத கயிற்றில் பத்து செண்டிமீட்டருக்கு ஒரு குறி. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற வானியல் அறிஞரும் பாதிரியாருமானவர் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறைதான் இது. படகின் நிழல் விழும் பக்கத்தில், குளிர்கண்ணாடி அணியாமல், முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் இறக்குங்கள். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். தட்டு மறைவதற்குள் அடிமண்ணைத் தொட்டுவிட்டால் "அடி தெரிந்தது" என்று எழுதுங்கள், எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். நீர் கலங்கியிருப்பது பாசியாலா சேற்றாலா என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்; புதுமழைக்குப் பிறகு தட்டு சீக்கிரம் மறைவது வேறு கதை.

இடங்களைப் பொறுத்தவரை, ஏரியின் ஆழமான பகுதியில் ஒன்று போதும். மற்ற முயற்சியை ஆற்றில் செலவிடுங்கள். ஏரியில் சேருமிடத்தில் தொடங்கி மேல்நோக்கி நடந்து, ஒவ்வொரு ஓடையும் குழாயும் வந்து சேருமிடத்துக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் மாதிரி எடுங்கள். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் பாஸ்பரஸ் எகிறுகிறதோ, அங்கே நின்று சுற்றிப் பாருங்கள். தொழிற்சாலைதான் என்ற முன்முடிவோடு போகாதீர்கள். ஒரு மாட்டுத் தொழுவமாகவோ, உடைந்த கழிவுநீர்க் குழாயாகவோ, கரை வரைக்கும் உழுத வயலாகவோ இருக்கலாம். செறிவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஓட்டத்தையும் அளந்தால்தான் மொத்தம் எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது என்று தெரியும். பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு கயிறு கட்டி, பாதி மூழ்கி மிதக்கும் ஒரு பொருளை விட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். நீரின் மேற்பரப்பு சராசரியைவிட வேகமாக ஓடும் என்பதால், கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்கி, அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் தோராயமான ஓட்டம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் தவறுகின்றன. வெயில் நாளில் வசதியாகப் போய் மாதிரி எடுத்துவிட்டு, மழை பெய்தால் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். ஆனால் நிலத்திலிருந்து வரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு, மண்ணோடு ஒட்டிக்கொண்டு, ஆண்டில் ஒரு சில பெருமழைகளில்தான் ஏரிக்குள் வருகிறது. அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் ஆண்டுக் கணக்கே பொய்த்துவிடும். மழை வலுக்கும்போது எந்த இருவர், எந்தப் பாலத்தில் நின்று, எந்த வாளியைக் கயிற்றில் இறக்குவது என்று இப்போதே பெயர் எழுதி வையுங்கள். வெள்ளத்தில் யாரும் காலை வைக்கக் கூடாது, பாலத்தின் மேலிருந்து மட்டும்.

நீர்க்கோழி:

பெயர்கள் எழுதியாகிவிட்டது, தெளிநீர் அவர்களே. தட்டை அந்தச் சிறுமியின் வீட்டில்தான் செய்கிறார்கள். ஒரு பாகத்துக்குக் கருப்பு அவளே பூசினாளாம். வரும் ஞாயிறு முற்பகல் பத்து மணிக்கு முதல் முறை இறக்குகிறோம், எண்ணை இங்கேயே எழுதுகிறேன்.